சீனத்துப் பள்ளிவாசலும் நம் ஊர்ச் சிலம்பமும்

(ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நடந்த பெற்றோர் கூட்டங்களில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





இன்று நாங்கள் கல்வி உதவித்தொகை பற்றியோ மருத்துவ முகாம் பற்றியோ பேச வரவில்லை. கம்பு சுற்றுவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிலர் சிரிப்பது தெரிகிறது. போன கூட்டத்தில் இதே பேச்சை எடுத்தபோது சிரிப்பு வரவில்லை, சத்தம்தான் வந்தது. அதனால் இந்த முறை முழுதாகச் சொல்லிவிடுகிறோம்.

விஷயம் எங்கிருந்து தொடங்கியது என்றால், ஒரு தாயார் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மகன் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் பெரிய பையன்கள் இரண்டு முறை அடித்திருக்கிறார்கள். பையன் வீட்டை விட்டு வெளியே போக மறுக்கிறான், கைபேசியே கதி என்று கிடக்கிறான். "குங்ஃபூ வகுப்பில் சேர்க்கணும், மாசக் கட்டணத்துக்கு அறக்கட்டளை உதவுமா?" என்று கேட்டார். ஜகாத் பணத்திலிருந்து தர முடியுமா என்றும் கேட்டார். முடியாது என்று சொன்னோம். ஜகாத்துக்கு உரிய எட்டு வகையினரைக் குர்ஆன் வரையறுத்திருக்கிறது. அந்த நிதியை எங்கள் இஷ்டத்துக்குத் திருப்ப முடியாது. பொது நன்கொடையிலிருந்துதான் பார்க்க வேண்டும். ஆனால் பொது நன்கொடையிலிருந்து தரவும் எங்களுக்குத் தயக்கம் இருந்தது.

காரணத்தையும் மறைக்காமல் சொல்கிறோம். சில வருடங்களுக்கு முன்னால் இதே போல் ஒரு பயிற்சி நிலையத்தை நம்பிப் பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டினோம். பெயர் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு தேர்வு, ஒவ்வொரு தேர்வுக்கும் தனிக் கட்டணம், தேர்வு முடிந்தால் ஒரு கலர் பெல்ட். ஒரு வருடத்தில் எங்கள் பிள்ளைகள் பெல்ட்டோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஐம்பது அடி ஓடச் சொன்னால் மூச்சு வாங்கியது. விசாரிக்காமல் பணம் கட்டியது எங்கள் தவறு. பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது, பழைய சீனக் கலைகளில் பெல்ட்டே கிடையாது என்பது. கருப்பு பெல்ட் என்பது ஜப்பானில் ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொண்டுவந்த வழக்கம். அது நல்ல ஏற்பாடுதான். பெல்ட்டை விற்கிற கடையாக ஆக்கியதில்தான் கோளாறு.

ஆகவே இந்தத் தாயாருக்குப் பதில் சொல்வதற்கு முன்னால், குங்ஃபூ என்றால் என்ன, எங்கிருந்து வந்தது, அதை எப்படிக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று கொஞ்சம் படித்தோம். படிக்கப் படிக்க நாங்கள் எதிர்பார்க்காத ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். சீனத்துப் பள்ளிவாசலுக்கு.

அதற்கு முன் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளைகளிடம் குங்ஃபூ எங்கே பிறந்தது என்று கேட்டால், "காஞ்சிபுரத்துப் போதிதர்மர் போய்ச் சொல்லிக்கொடுத்தது" என்பார்கள். 2011இல் வந்த 'ஏழாம் அறிவு' படத்துக்குப் பிறகு இது பாடப்புத்தகம் போல ஆகிவிட்டது. கேட்க நமக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் மதரஸாவில் எங்களுக்கு உஸ்தாதுமார்கள் முதலில் கற்றுத்தந்தது, செய்தியைக் கேட்டால் ஸனதைப் பார் என்பதுதானே. யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், சங்கிலி அறுபடாமல் வருகிறதா? அப்படிப் பார்த்தால் போதிதர்மர் வாழ்ந்தது 5, 6ஆம் நூற்றாண்டுகளில். அவரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு 547ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அது அவரைப் பாரசீகத்திலிருந்து வந்தவர் என்கிறது. அதற்கு அடுத்து வந்த குறிப்புதான் தென்னிந்தியர், ஓர் அரசரின் மூன்றாவது மகன் என்கிறது. இரண்டிலும் சண்டைக் கலை பற்றி ஒரு சொல் இல்லை. அவர் ஷாவோலின் மடத்துத் துறவிகளுக்கு உடற்பயிற்சி கற்றுக்கொடுத்தார் என்ற பேச்சு, 1624 வாக்கில் எழுதப்பட்ட ஒரு நூலில்தான் முதன்முதலாக வருகிறது. நடுவில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. ஹதீஸ் கலையில் இப்படி ஒரு சங்கிலியைக் கொண்டுபோய் வைத்தால் உஸ்தாது கிதாபை மூடிவிட்டு வெளியே போகச் சொல்லியிருப்பார். ஷாவோலின் துறவிகள் 621இல் நடந்த ஒரு போரில் பின்னாளைய தாங் பேரரசருக்குத் துணை நின்றது உண்மை. 728ஆம் ஆண்டின் கல்வெட்டு மடத்திலேயே நிற்கிறது. அதில் போதிதர்மர் கற்றுக்கொடுத்த சண்டை என்று எதுவும் கிடையாது.

தமிழருக்கும் சீனக் கடற்கரைக்கும் தொடர்பே இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. சீனத்தின் சுவான்சோ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அதே ஊரில் 1009ஆம் ஆண்டில் கட்டப்பட்ட பள்ளிவாசலின் கற்சுவர்கள் இன்றும் நிற்கின்றன. அரபு வணிகர்கள் அந்த ஊரை ஜைத்தூன் என்றார்கள். மதுரைக்கு வந்த இப்னு பதூதா அங்கேயும் போயிருக்கிறார். இப்படி வந்து தங்கியவர்களும், மேற்கே மத்திய ஆசிய வழியாக வந்தவர்களும், சீனர்களோடு மணவுறவு கொண்டு, சீன மொழி பேசி, ஹூய் என்ற சமுதாயமாக ஆனார்கள். இன்று அவர்கள் ஒரு கோடிக்கு மேல். பார்ப்பதற்கும் பேசுவதற்கும் சீனர்கள். ஹலால் கடை, ஜும்ஆ, ஒளூவுக்கென்று மூக்குக் கெண்டி, எல்லாம் நம்மைப் போல.

இந்த ஹூய் முஸ்லிம்கள்தான் சீனச் சண்டைக் கலையில் பெரும் பங்குக்குச் சொந்தக்காரர்கள் என்பது எங்களுக்குப் புதுச் செய்தி. ஷான்தோங் மாநிலத்து 'சாசுவான்' அவர்களுடையது. ஹெபெய் மாநிலத்தில் சாங்சோ என்ற பகுதி, அங்கே மெங்சுன் என்ற ஹூய் ஊர், அங்கிருந்து வந்தது 'பாஜிசுவான்'. ஒளூக் கெண்டியின் பெயரையே வைத்துக்கொண்ட ஒரு கலையும் அவர்களிடம் உண்டு. 'தான்தூய்' என்று ஓர் அடிப்படைப் பயிற்சி இருக்கிறது. நேர்க்கோட்டில் நடந்துகொண்டே ஒரே அசைவை இடப்பக்கம் ஒரு முறை, வலப்பக்கம் ஒரு முறை என்று மைதானத்தின் கோடிவரை செய்து, திரும்பி வந்து, அடுத்ததைத் தொடங்குவது. இன்று அதில் பத்து வரிசை. முதலில் அலிஃப் முதல் யா வரை அரபு எழுத்துக்களின் கணக்கில் 28 வரிசை இருந்தது, பிறகு சுருக்கினார்கள் என்று அவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். இதற்கும் ஸனது கேட்டால் கிடைக்காது. நம் போதிதர்மர் கதையைக் கைவிட்டுவிட்டு அவர்கள் கதையை மட்டும் பிடித்துக்கொள்வது நியாயமில்லை. இருந்தாலும் குர்ஆன் மதரஸாவில் பலகை பிடித்த ஒரு சமுதாயம்தான் இப்படி ஒரு கதையைச் சொல்ல முடியும் என்று எங்களுக்குத் தோன்றியது.

இவற்றில் எங்களை அதிகம் நிறுத்தி வைத்தது 'ஷின்யி லியூஹே' என்ற கலை. 17ஆம் நூற்றாண்டில் ஷான்ஷி மாநிலத்து ஜி ஜிகே என்ற ஈட்டி வீரர், ஈட்டி பிடிக்கும் முறையைக் கைச்சண்டைக்குக் கொண்டுவந்தார் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் தொடக்கம். அந்த வழியில் லுவோயாங் நகரத்து மா ஷுவேலி என்ற ஹூய் முஸ்லிம் கற்றுக்கொண்டார். அவர் ஆசானின் வீட்டில் வேலைக்காரனாகச் சேர்ந்து, ஒளிந்து பார்த்துக் கற்றார் என்று ஒரு கதை. அவருக்குப் பிறகு ஹெனான் மாநிலத்து முஸ்லிம்கள் பல தலைமுறைகளாக இதைத் தங்களுக்குள்ளேயே, பள்ளிவாசலைச் சுற்றி, வெளியாருக்குக் காட்டாமல் வைத்திருந்தார்கள்.

'ஷின்' என்றால் மனம். 'யி' என்றால் நாட்டம். 'லியூஹே' என்றால் ஆறு பொருத்தம். மனதோடு நாட்டம் பொருந்த வேண்டும், நாட்டத்தோடு மூச்சு விசை, மூச்சு விசையோடு வலு. இவை உள்ளே மூன்று. தோளோடு இடுப்பு, முழங்கையோடு முழங்கால், கையோடு பாதம். இவை வெளியே மூன்று. நாட்டம் என்றதும் நமக்கு நிய்யத்து ஞாபகம் வருகிறது. புகாரியின் முதல் ஹதீஸே அதைப் பற்றியதுதானே. ஆனால் அவசரப்பட வேண்டாம். இந்தச் சொற்கள் சீனச் சிந்தனையில் முன்பே உள்ளவை. அந்தக் கலையைப் பள்ளிவாசல் முற்றத்தில் வைத்துப் பயின்றவர்களுக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்டிருக்கும் என்பதைத்தான் நாம் நினைத்துப் பார்க்கலாம்.

பயிற்சி எப்படி? பத்து உயிரினங்களின் குணங்கள். புலி, குரங்கு, குதிரை, சேவல், பாம்பு, கரடி, கழுகு, வல்லூறு, தகைவிலான், நமக்கெல்லாம் தெரிந்த டிராகன். இவற்றைப் போல நடித்துக் காட்டுவதில்லை, அந்தந்தப் பிராணியின் அசைவிலிருந்து ஓர் ஒழுங்கை எடுத்துக்கொள்வது. முதலில் கற்பது சேவல் நடை. முழங்கால்கள் உரசுகிற மாதிரி, தாழ்ந்து, ஒரு காலில் உடல் எடை முழுதும் நிற்க, அடுத்த கால் முன்னே போகும். பார்க்க ஒன்றுமில்லை. ஐந்து நிமிடம் நடந்தால் தொடை நடுங்கும். இதை மாதக்கணக்கில் நடக்க வைப்பார்கள். பறந்து பறந்து உதைப்பதெல்லாம் சினிமாவுக்கு.

ஒரு மனிதரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாங் ஸிபிங். 1881இல் சாங்சோவில் பிறந்த ஹூய் முஸ்லிம். ஜினான் நகரில் யாங் ஹோங்ஷியூ என்ற முஸ்லிம் ஆசிரியரிடம் சாசுவான் கற்றார். ஜெர்மானியர்கள் ஒரு பள்ளிவாசலின் வேலைப்பாடுள்ள கதவைப் பெயர்த்துக் கொண்டுபோக வந்தபோது தனியாளாக நின்று தடுத்தார் என்று அவரைப் பற்றிக் கதைகள் உண்டு. கதைகள் வளர்ந்திருக்கலாம். கதையில்லாத செய்தியே போதுமானது. 1928இல் நாங்கிங் நகரில் சீன அரசு மத்திய தற்காப்புக் கலைக் கழகத்தைத் தொடங்கியபோது, அதன் ஷாவோலின் பிரிவுக்குத் தலைவராக நியமிக்கப்பட்டவர் இந்த முஸ்லிம்தான். பௌத்த மடத்தின் பெயரிலுள்ள பிரிவுக்கு ஐந்து வேளை தொழுகிற சமுதாயத்து மனிதர். கழகத்தைத் தொடங்கிய தளபதி ஜாங் ஜிஜியாங் கிறிஸ்தவர். வாங் ஸிபிங் பிறகு ஷாங்காயில் எலும்பு முறிவு வைத்தியராக வாழ்ந்தார். 1960இல் சீனப் பிரதமர் சூ என்லாய் பர்மா சென்றபோது உடன் போன கலைக்குழுவுக்கு அவர் பயிற்சியாளர். அப்போது எண்பதை நெருங்கும் வயது. 1973இல் மறைந்தார். அவருடைய மகள் வாங் ஜூரோங், அதே ஷாங்காயில் உடற்கல்விக் கல்லூரியில் இந்தக் கலைக்குப் பேராசிரியராக இருந்தார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்களில் ஒருவர். அந்த அம்மையாரைப் பற்றிப் பிறகு வருகிறோம்.

இதையெல்லாம் படித்துவிட்டுக் குங்ஃபூ வகுப்புக்குத்தான் உதவப் போகிறோம் என்று நினைப்பீர்கள். இல்லை. சாசுவானையோ ஷின்யியையோ முறையாகக் கற்றுத்தரும் ஆசிரியர் நம் பக்கம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கலைகளில் நாம் பார்த்து வியந்ததெல்லாம் வீட்டுக் கொல்லையில் கிடக்கிறது என்று எங்கள் தலைவர் ஹாஜியார் ஒரு நாள் சொன்னார். சந்தனக்கூடு ஊர்வலத்தில் கம்பு சுற்றிக்கொண்டு போனவர்களை நம்மில் ஐம்பது தாண்டியவர்கள் பார்த்திருப்போம். சந்தனக்கூடு வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்தை இங்கே இழுக்க வேண்டாம். அதற்கு வேறு மேடை இருக்கிறது. கம்பைப் பற்றி மட்டும் பேசுவோம்.

சிலம்பத்துக்கும் வயது சொல்வதில் நாம் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. ஐயாயிரம் ஆண்டு என்று விளம்பரப் பலகையில் எழுதுகிறார்கள். அதற்கும் அதே ஸனதுக் கேள்விதான். ஆனால் இந்த மண்ணின் பழைய கலை என்பதில் சந்தேகமில்லை. நம்மைச் சுற்றியுள்ள சேத்தூர், சிவகிரி, நெற்கட்டும்செவல் எல்லாம் பாளையங்களாக இருந்த சீமை இது. 1801இல் மருது சகோதரர்களின் கிளர்ச்சியை அடக்கிய பிறகு, அந்த டிசம்பர் மாதம் கும்பெனியார் பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் அறிக்கை விட்டார்கள். 1878இல் ஆயுதச் சட்டமே வந்தது. வாளும் வேலும் போன பிறகும் கம்பை யாரும் பிடுங்க முடியவில்லை. ஆடு மேய்க்கிறவன் கையிலும் இருக்கும், வயதானவர் ஊன்றுகோலாகவும் இருக்கும். தோட்ட வேலைக்கு மலேயா போன தமிழர்கள் அங்கேயும் கொண்டுபோனார்கள். இன்றும் மலேசியாவில் சிலம்பம் நன்றாக நடக்கிறது.

பயிற்சி முறையைப் பார்க்க நாங்கள் நான்கு பேர் மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றுக்குப் போனோம். ஆசானுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். நம் சமுதாயத்தவர் அல்ல. களத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். ஒருவர் கையிலும் கம்பு இல்லை. தரையில் கோடு போட்டு அதன்மேல் கால் மாற்றிக்கொண்டிருந்தார்கள். "அண்ணாச்சி, கம்பு எப்போ?" என்று கேட்டோம். "பாய், காலடி உக்காரணும். கால் சரியில்லாதவன் கையில கம்பைக் கொடுத்தா அவனையே அவன் அடிச்சுக்குவான்" என்றார். எங்களுக்கு அந்தச் சேவல் நடை ஞாபகம் வந்தது. லுவோயாங்கிலும் செண்பகத்தோப்பு அடிவாரத்திலும் முதல் பாடம் ஒன்றுதான் போலிருக்கிறது.

காலடிக்குப் பிறகு வெறுங்கை. குத்து வரிசை என்பார்கள். அதற்குப் பிறகுதான் கம்பு. ஆளின் நெற்றி உயரம். சிறுவாரை மூங்கில், கனம் உள்ளது, எளிதில் பிளக்காது. எண்ணெய் தடவி, அனலில் வாட்டி நேராக்குகிறார்கள். முதலில் ஒரு கையால் சுற்று, பிறகு இரு கை, பிறகு நடந்துகொண்டே சுற்று, அதன் பிறகு வீச்சும் குத்தும், எதிராளியின் அடியைத் தட்டிவிடுவதும். துடுக்காண்டம், குறவஞ்சி, நாகசீறல், கள்ளன்கம்பு என்று பிரிவுகள் பல. மான்கொம்பு, சுருள்வாள் எல்லாம் கடைசியில், தேறியவர்களுக்கு மட்டும். எங்கள் வகுப்பில் கம்போடு நிறுத்திக்கொள்வோம். சுருள்வாள் நம் தெருவில் வேண்டாம்!

இன்று போட்டிகளில் இரண்டு வகை. தனியாகச் சுற்றிக் காட்டுவது ஒன்று. தொடுமுறை இன்னொன்று; எதிராளியின் உடம்பில் கம்பு நுனி பட்டால் புள்ளி. தலைக்கவசம், மார்புக்கவசம் உண்டு. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் இருக்கிறது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்ந்திருக்கிறது. இதைக் கேட்டு நாளைக்கே சர்க்கார் உத்தியோகம் என்று கணக்குப் போட வேண்டாம். பெரிய போட்டிகளில் ஜெயிக்கிற ஒருவருக்கு அது. மற்றவர்களுக்குப் பசி எடுக்கும், தூக்கம் வரும், கைபேசி கொஞ்ச நேரம் கீழே இருக்கும். அதுவே எங்களுக்குப் போதும்.

இனி உங்கள் ஆட்சேபணைகள். போன கூட்டத்தில் எழுந்தவை மூன்று.

முதலாவது, மார்க்கம். களத்தில் இறங்கும்போது மண்ணைத் தொட்டு ஆசானைக் கும்பிடுகிறார்களே, நம் பிள்ளைகள் எப்படிச் செய்வது என்று ஒரு பெரியவர் கேட்டார். சரியான கேள்வி. அல்லாஹ்வைத் தவிர யாருக்கும் தலைதாழ்த்தக் கூடாது என்பதில் நமக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. இதை ஆசானிடமே நேராகச் சொன்னோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஒங்க பிள்ளைக கம்பை நெஞ்சுக்கு நேரா பிடிச்சு நின்னு சலாம் சொல்லட்டும், எனக்குப் போதும். வந்தவுடனே கம்பைத் தூக்கி வீசக் கூடாது, அதுக்குத்தான் அந்த மரியாதை" என்றார். எங்கள் ஹஜ்ரத் இதைக் கேட்டு அனுமதி கொடுத்திருக்கிறார். விளையாட்டே கூடாது என்பவர்களுக்கு ஹஜ்ரத் சொன்னதையும் சொல்கிறோம். பெருநாள் அன்று அபிசீனியர்கள் மஸ்ஜிதுந் நபவியிலேயே ஈட்டி விளையாடினார்கள், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பெருமானார் (ஸல்) அவர்களின் பின்னால் நின்று பார்த்தார்கள் என்பது புகாரியில் இருக்கிறது. ருகானா என்ற மல்லரோடு பெருமானார் (ஸல்) மல்யுத்தம் செய்த செய்தியை மேடைகளில் நிறையச் சொல்கிறோம். அதன் அறிவிப்பாளர் தொடர் நேரானதல்ல என்று இமாம் திர்மிதியே குறித்திருப்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முகத்தில் அடிக்கக் கூடாது என்ற கட்டளையோ புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உறுதியாக வந்திருக்கிறது. நம் வகுப்பில் அது சட்டம். கவசம் போட்டிருந்தாலும் முகத்துக்குக் குறிவைத்தால் அன்றைக்கு வெளியே உட்கார வேண்டும்.

இரண்டாவது ஆட்சேபணையை யாரும் மைக்கில் சொல்லவில்லை. கூட்டம் முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது காதோடு சொன்னார்கள். "நம்ம பையன்க கூட்டமா கம்பெடுத்து நின்னா ஊர் என்ன நினைக்கும்? யாராவது வீடியோ எடுத்துப் போட்டா?" இந்தப் பயம் எங்களுக்கும் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் பொய். இந்தக் காலத்தில் பிள்ளை வளர்க்கும் எந்த முஸ்லிம் குடும்பத்துக்குத்தான் இல்லை? அதற்காக இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, வேண்டாம் என்று விட்டுவிடுவது. அல்லது நம் மஹல்லாவுக்குள், மதரஸா மாடியில், கதவைச் சாத்திக்கொண்டு நடத்துவது. இரண்டாவதைச் சிலர் யோசனையாகவே சொன்னார்கள். அதைத்தான் நாங்கள் கண்டிப்பாக மறுக்கிறோம். ஷின்யி கலையை ஹெனான் முஸ்லிம்கள் அப்படித்தான் பூட்டி வைத்தார்கள். அவர்களுக்கு அன்று அதற்கான காரணங்கள் இருந்திருக்கும். ஆனால் இன்று அது உலகத்தில் பல ஊர்களில் இருக்கிறது என்றால், ஷாங்காயில் லூ சோங்காவ் என்ற ஹூய் ஆசிரியர் தம் சமுதாயத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கும் கற்றுக்கொடுத்தது அதற்குப் பெரிய காரணம். வாங் ஸிபிங்கை நாடே மதித்தது என்றால் அவர் எல்லோர் பிள்ளைகளுக்கும் நடுவில் நின்றதால்தான்.

ஆகவே வகுப்பு பள்ளிக்கூட மைதானத்தில், வெட்டவெளியில் நடக்கும். எந்தச் சமுதாயத்துப் பிள்ளையும் சேரலாம்; அறிவிப்பில் அப்படியே போட்டிருக்கிறோம். பதிவு பெற்ற சிலம்பச் சங்கத்தின் வழியாக நடக்கும். காவல் நிலையத்தில் எழுத்து மூலம் தகவல் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கியாகிவிட்டது. வருகைப் பதிவேடு இருக்கும். கம்புகள் வகுப்பு முடிந்ததும் மைதானத்து அறையில் பூட்டப்படும், வீட்டுக்குப் போகாது. பெற்றோர் எவரும் எப்போதும் வந்து உட்கார்ந்து பார்க்கலாம். வாருங்கள் என்றே கேட்டுக்கொள்கிறோம். ஆசானின் பேரனும் அவருடைய கிராமத்துப் பிள்ளைகள் ஆறு பேரும் இங்கே வந்து நம் பிள்ளைகளோடு சேர்ந்து ஆடப் போகிறார்கள்.

மூன்றாவது, பெண் பிள்ளைகள். இங்கேதான் எங்கள் நிர்வாகக் குழுவுக்குள்ளேயே இரண்டு கட்சி. தையல் வகுப்பு நடத்துகிறோமே, அது போதாதா என்று ஒருவர் சொன்னார். அன்று மாலை அந்தத் தையல் வகுப்புக்குப் போய்ப் பிள்ளைகளிடமே கேட்டோம். ஒரு பிள்ளை, ப்ளஸ் ஒன் படிக்கிறது, தலையைக் குனிந்துகொண்டே சொன்னது: "டியூஷன் முடிஞ்சு இருட்டுல பஸ் ஸ்டாண்டுலேருந்து நடந்து வர்றது நாங்கதானே." நாங்கள் நான்கு பேரும் ஒன்றும் பேசாமல் திரும்பி வந்தோம். கம்பு கையில் இல்லாத இடத்தில் சிலம்பம் என்ன செய்யும் என்று கேட்கலாம். நிமிர்ந்து நடக்கச் செய்யும், சத்தம் போடச் செய்யும், கால் பதறாமல் விலகச் செய்யும் என்று ஆசான் சொன்னார். பெருமானார் (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூதில் இருக்கிறது. வாங் ஸிபிங் தம் மகளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளவில்லை, பேராசிரியர் ஆகும்வரை கொண்டுவந்தார். எனவே பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம், சுற்றுச்சுவர் உள்ள தனி இடம், பெண் பயிற்சியாளர். ஆசானின் மாணவியான ஒரு உடற்கல்வி ஆசிரியை சம்மதித்திருக்கிறார். உடை, முக்காடு எல்லாம் உங்கள் விருப்பம். கால் தடுக்காத உடையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தாய்மார்கள் இருவராவது ஒவ்வொரு வகுப்புக்கும் உடன் இருக்க வேண்டும் என்று கேட்கிறோம். இதற்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லாத ஒரு நிர்வாகி இங்கேயே அமர்ந்திருக்கிறார். அவருடைய பேத்தியின் பெயர் முதலில் பதிவாகியிருக்கிறது என்பதை அவருக்கு இப்போதுதான் சொல்கிறோம்.

நடைமுறை விவரங்கள். ராஜபாளையத்தில் சனிக்கிழமையும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஞாயிற்றுக்கிழமையும் பஜ்ருக்குப் பிறகு ஆண் பிள்ளைகளுக்கு. பெண் பிள்ளைகளுக்கு அதே நாட்களில் அஸருக்குப் பிறகு. மஃரிபுக்கு அரை மணி முன்னால் முடித்துவிடுவோம். எட்டு வயது முதல் சேர்க்கலாம். ரமளானில் விடுமுறை. கட்டணம் இருப்பவர்கள் தருவார்கள், இல்லாதவர்கள் தர வேண்டாம். யார் தருகிறார், யார் தரவில்லை என்பது பொருளாளருக்கு மட்டும் தெரியும். ஆஸ்துமா, வலிப்பு, பழைய எலும்பு முறிவு இருந்தால் படிவத்தில் கட்டாயம் எழுதுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கம்பு நாங்கள் வாங்கித் தருவோம். கம்புக்காக எந்தப் பிள்ளையும் மலைப்பக்கம் போய் மூங்கிலில் கை வைக்க வேண்டாம். அது 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம். வனத்துறையிடம் போய்ப் பேச எங்களால் ஆகாது, புலியிடம் பேச இன்னும் ஆகாது.

தேர்வு கிடையாது, பெல்ட் கிடையாது. முதல் ஆறு மாதம் காலடி மட்டும்தான் என்று ஆசான் சொல்லிவிட்டார். "எப்ப பார்த்தாலும் கால் மாத்தி நடக்கத்தான் சொல்றாங்க" என்று மூன்றாவது வாரமே பிள்ளை வீட்டில் வந்து சொல்லும். அப்போது தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். எங்களுக்குப் போன் செய்யுங்கள்.

முதலில் சொன்ன தாயாரின் மகன், அந்த ஒன்பதாம் வகுப்புப் பையன், நாங்கள் கிராமத்துக்குப் போன அன்று எங்களோடு வண்டியில் வந்திருந்தான். களத்தின் ஓரத்தில் நின்றான். ஆசான் அவனை ஒன்றும் கேட்கவில்லை, கூப்பிடவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கடைசி வரிசையில் நின்று கால் மாற்றிக்கொண்டிருந்தான். திரும்பி வரும்போது இரண்டு முறை கேட்டான், "அடுத்த வாரம் எப்போ போறோம் மாமா?"

படிவங்கள் வாசலில் மேசைமேல் இருக்கின்றன. பேனா கொண்டு வராதவர்கள் பொருளாளரிடம் வாங்கிக்கொள்ளுங்கள், திருப்பித் தந்துவிடுங்கள்.